நாளுக்கொரு சொல்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

சென்ற ஆண்டு மலருக்குப் படைப்புகள் கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியபோது நானும் ஒரு கட்டுரை கொடுத்தேன். தலைப்பு 'இயற்கை அன்னை'. பொங்கும் அருவி, பாடும் குயில், ஆடும் மயில் எல்லாம் அதில் இருந்தன. பள்ளியில் மனப்பாடம் செய்தது பாதி, துணைநூலில் பார்த்தது பாதி. மூன்று நாள் கழித்துத் தமிழ்ப் பேராசிரியர் என்னை அழைத்தார். கட்டுரையைத் திருப்பிக் கொடுத்து, "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். "கச்சிராயபாளையத்துக்குப் பக்கம் ஐயா" என்றேன். "அந்த ஊர் இதில் எங்கே இருக்கிறது?" என்றார்.

எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் கல்வராயன் மலை தெரியும். கோமுகி அணைத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவன் நான். மயிலும் எங்கள் ஊரில் உண்டு. ஆனால் அது ஆடி நான் பார்த்ததைவிட, கடலைக் கொல்லையில் விதையைக் கிளறித் தின்று அப்பாவிடம் வசவு வாங்கியதைப் பார்த்ததுதான் அதிகம். என் கட்டுரையில் தோகை விரித்த மயில் யாருடைய மயிலோ!

"எழுத என்னிடம் ஒன்றும் இல்லை ஐயா. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். ரேஷன் அட்டையும் நாட்காட்டியும் தவிர வீட்டில் அச்சடித்த தாளே கிடையாது" என்று மனத்தில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஒரு துண்டுத் தாளில் 'குடம்' என்று எழுதிக் கொடுத்தார். "நாளைக் காலையில் பதினைந்து நிமிடம் இதைப் பற்றி எழுது. நன்றாக இருக்க வேண்டியதில்லை. உன் வீட்டுக் குடமாக இருந்தால் போதும்" என்றார்.

மறுநாள் பதினொரு வரி எழுதினேன். எங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தின் கழுத்தில் ஒரு நெளிவு உண்டு. தங்கை குழாயடியில் வழுக்கி விழுந்தபோது ஏற்பட்டது. தெருக் குழாயில் தண்ணீர் வருமுன்பே குடங்கள் வரிசையில் நிற்கும். ஆட்கள் வேப்பமர நிழலில் நிற்பார்கள். எந்தக் குடம் யாருடையது என்பதில் சண்டை வந்ததே இல்லை, நெளிவுகளே அடையாளம். இவ்வளவுதான் எழுதினேன். ஆனால் இதில் ஒரு வரிகூட மனப்பாடத்திலிருந்து வரவில்லை. அன்று தொடங்கிய பழக்கத்தைப் பற்றி, எழுத ஆசையிருந்தும் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருக்கும் நண்பர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கொடுத்த ஒரு சொல் எப்படி எழுத வைக்கிறது? இதற்கு நம் ஊர்ப் பக்கத்திலேயே உவமை இருக்கிறது. கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. கரும்புச் சாற்றைத் தெளிய வைத்துக் காய்ச்சிக் காய்ச்சி, கரையும் அளவுக்கு மேலேயே சர்க்கரை நிறைந்த பாகாக ஆக்குகிறார்கள். அந்தப் பாகுக்குள் மிக நுண்ணிய சர்க்கரைத் தூளை விதையாக இடுவார்கள். அந்த விதையைப் பற்றிக்கொண்டு பாகிலிருக்கும் சர்க்கரை படிகமாக வளரும். விதையில் இருப்பது சிட்டிகைச் சர்க்கரைதான். விளைவதெல்லாம் பாகில் முன்பே இருந்தது. இருபது ஆண்டுகள் ஒரு கிராமத்தில் வாழ்ந்தவன் பாகு போன்றவன். 'என்னிடம் ஒன்றும் இல்லை' என்று அவன் சொல்வது பிழை. அவனிடம் இல்லாதது விதை ஒன்றுதான்.

இது மேலை நாட்டார் இப்போது கண்டுபிடித்த முறை என்று எண்ண வேண்டாம். நம் புலவர்கள் இதற்கு 'ஈற்றடி கொடுத்தல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வெண்பாவின் கடைசி அடியை ஒருவர் கொடுப்பார். மற்றவர் முன் அடிகளை அமைத்து அதில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். சமற்கிருதத்தில் இதைச் சமஸ்யை என்பர். உருதுக் கவியரங்குகளிலும் ஓர் அடியை முன்கூட்டியே அறிவித்து, அதே சந்தத்திலும் இயைபிலும் எல்லோரும் பாடி வரும் வழக்கம் உண்டு. எட்டயபுரத்தில் சிறுவனாக இருந்த பாரதியை மட்டம் தட்ட, அவரைச் சின்னப் பயல் என்று பழிக்கும் ஈற்றடியை ஒருவர் கொடுத்ததும், பாரதி சொல்லைப் பிரித்து அந்தப் பழியைக் கொடுத்தவர் மீதே திருப்பியதும் நாம் கேள்விப்பட்ட கதை.

எனக்கு அதைவிடப் பிடித்தது நாகர்கோவிலுக்கு அருகே இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் செய்தி. 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அவர் சதாவதானம் செய்து காட்டினார். நூறு பேர் நூறு விதமாகக் கவனத்தைக் கலைக்க, எல்லாவற்றையும் நினைவில் நிறுத்தி விடை சொல்வது அந்தக் கலை. ஈற்றடிக்கு வெண்பா பாடுவது அதில் ஒரு பகுதி. இசுலாமியரான அவரைச் சிக்க வைக்க எண்ணி, துருக்கனுக்கு இராமனே துணை என்று பொருள்படும் ஈற்றடியைக் கொடுத்தார்களாம். பாவலர் அதற்கு முந்தைய அடியைப் பரதன், இலக்குவன் பெயர்களைச் சொல்லிச் 'சத்' என்ற அசையில் நிறுத்தினார். அடுத்த அடியோடு சேர்த்துப் படித்தால் அது சத்துருக்கன் ஆகிவிடுகிறது! அண்ணன் தம்பிக்குத் துணை என்பதில் யாருக்கு என்ன தடை? கட்டிப்போடக் கொடுத்த அடியே அவருக்கு வழியாயிற்று. அந்த அடி இல்லாதிருந்தால் அந்தப் பாட்டும் தோன்றியிராது.

பாரதிதாசன் கதையும் இதற்கு நெருங்கியதே. புதுச்சேரியில் பாரதி, நண்பர்கள் கூடியிருந்த இடத்தில் ஒரு பாட்டு எழுதச் சொல்ல, கனக சுப்புரத்தினம் அங்கேயே எழுதினார். பாரதி அதைச் சுதேசமித்திரனுக்கு அனுப்பி வைத்தார். 'எழுதேன் பார்க்கலாம்' என்று ஒருவர் சொல்வதிலும் விதை இருக்கிறது.

என் சொந்த ஈற்றடி அனுபவத்தையும் சொல்ல வேண்டும். 'மலை' என்ற சொல் வந்த நாளில், மழைக்கு முன்னால் மலை பக்கத்தில் வந்து நிற்பது போல் தெரியும் என்று ஆயா சொல்வதை எழுதியிருந்தேன். (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம்.) பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, "இதோ உனக்கு ஈற்றடி" என்று 'மழைக்குமுன் வந்த மலை' என எழுதித் தந்தார். குறள் வெண்பாவுக்கு முதலடி நான்கு சீர், ஈற்றடி மூன்று சீர். ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றாக இருக்க வேண்டும். 'மலை' என்பது மலர். மாச்சீருக்குப் பின் நிரை, விளச்சீருக்குப் பின் நேர், காய்ச்சீருக்குப் பின் நேர். வேதியியல் சமன்பாட்டைச் சமன் செய்வதுபோல்தான், பழகினால் கடினமில்லை.

நான் முதலில் 'வானம் கறுத்தது வயல்' என்று தொடங்கினேன். விளத்துக்குப் பின் நிரை வந்து தளை தட்டியது. "தளையைப் பிறகு பார்க்கலாம். வானம் கறுத்தால் மழை வரும் என்பதை ஊருக்கே தெரியும். நீ என்ன பார்த்தாய்?" என்றார் பேராசிரியர். நான்கு நாள் அந்த அடியைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். ஐந்தாம் நாள் மாலை ஆயா திண்ணையில் அமர்ந்து பேருந்து வரும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பெரியப்பா மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருக்கிறான். மழை தொடங்கினால் விதைப்புக்கு வருவதாகச் சொல்லிப் போனவன். அன்று இரவு அடி அமைந்தது.

பிழைக்கவென் றூர்போன பேரனைத் தேடி
மழைக்குமுன் வந்த மலை.

இது சிறந்த பாட்டு என்று சொல்ல வரவில்லை. தளை தட்டவில்லை, எதுகை இருக்கிறது, அவ்வளவே. ஆனால் ஈற்றடி இல்லாமல், 'ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவர்களைப் பற்றி எழுது' என்று யாராவது சொல்லியிருந்தால், நான் மறுபடியும் துணைநூலைத்தான் தேடியிருப்பேன். மலையைத் தேடிப் போனதால் அண்ணன் கிடைத்தான்.

ஒரு நாள் எழுதுவது எளிது. தினமும் எழுதுவதுதான் தொல்லை. இதிலும் நமக்கு முன்னோடி இருக்கிறார். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761இல் அவர் மறையும் வரை நாட்குறிப்பு எழுதினார். வந்த கப்பல், விற்ற சரக்கு, ஆளுநர் சொன்ன சொல், ஊரில் நடந்த வழக்கு என்று அன்றன்று கண்டதும் கேட்டதும் அதில் உண்டு. இலக்கியம் படைக்கிறோம் என்று அவர் எண்ணியதாகத் தெரியவில்லை. ஆனால் அக்காலத்துத் தமிழ்நாட்டை அறிய இன்று வரலாற்று மாணவர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள். அவருக்குச் சொல் கொடுக்க யாரும் தேவைப்படவில்லை. அந்த நாளே அவருக்குச் சொல் கொடுத்தது.

ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிராலப் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். விடியற்காலையில் எழுந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்று கணக்காக எழுதி, பிறகு அலுவலகம் போவாராம். அப்படியே 47 நாவல்கள் எழுதி முடித்தார். அகத்தூண்டல் வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு இது கசக்கும். அமெரிக்க ஆசிரியை டாரதியா பிராண்டு, எழுதப் பழகுவோருக்கென்று 1934இல் வெளியிட்ட நூலில், காலையில் கண் விழித்தவுடன், எதையும் படிக்குமுன் எழுது என்கிறார். எங்கள் வீட்டில் கண் விழித்தவுடன் மாட்டுக்குத் தவிடு கரைக்க வேண்டும். ஆகவே அது எனக்குப் பொருந்தவில்லை. பேருந்தில் எழுதலாம் என்று பார்த்தேன். கள்ளக்குறிச்சி வரும் வரை நிற்க இடம் கிடைத்தாலே பெரிது. கடைசியில் முதல் மணி அடிக்குமுன் நூலகத்துக்கு வெளியே இருக்கும் படிக்கட்டு அமைந்தது. நேரம் எதுவாயினும் தவறில்லை. நாள்தோறும் அதே நேரமாக இருப்பதுதான் முக்கியம் என்பது நான் கண்டது.

இன்னும் சில கண்டவை. சொல் சிறியதாகவும், கையால் தொடக்கூடிய பொருளாகவும் இருக்க வேண்டும். 'சுதந்திரம்' என்ற சொல்லுக்கு நான் எழுதியது இரண்டு வரி. இரண்டும் சுவரொட்டி வாசகம். 'செருப்பு' என்ற சொல்லுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். எழுதும்போது அடிக்கக் கூடாது. எழுதிய பக்கத்தைக் கிழிக்கவும் கூடாது, தேதி போட்டு அப்படியே விட வேண்டும். எங்கள் செய்முறை ஏட்டிலும் இதே விதிதான். சோதனை பிழைத்தால் பிழைத்த அளவீட்டையும் குறிக்க வேண்டும், மறைக்கக் கூடாது. தேர்வு நாட்களில் மூன்று வாரம் விட்டுப்போயிற்று. விட்டதைச் சேர்த்து எழுத முயன்றேன், வீண் வேலை. விட்ட நாள் விட்டதே. இதுவரை ஐந்து நோட்டு நிறைந்துள்ளது. பிறருக்குக் காட்டத்தக்க பக்கங்களை எண்ணினால் பதினைந்து தேறும். மற்றவை வெறும் பயிற்சியே. 

படிக்கும் பாடத்திலிருந்தும் சொல் எடுக்கலாம். 'கடுக்காய்' என்று ஒரு நாள் வந்தது. டெர்மினாலியா செபுலா, காம்பிரட்டேசி குடும்பம் என்று எழுதி முடித்துவிட்டேன். பதினைந்து நிமிடத்தில் பத்து மிச்சம் இருந்தது. வேறு வழியின்றி யோசித்தபோது, மலையிலிருந்து கடுக்காய் மூட்டைகள் இறங்குவதும், அதை உடைப்பவர்களின் விரல்கள் கறுத்திருப்பதும் நினைவுக்கு வந்தன. ஏன் கறுக்கிறது? வேதியியல் துறை நண்பனிடம் கேட்டேன். கடுக்காயைத் தட்டிக் கொதிக்க வைத்து வடித்த சாற்றில் அன்னபேதியைக் கலந்து பார்த்தோம். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட்டுதான். கடுக்காயின் டானின் இரும்போடு சேர்ந்து, காற்றுப் படப் படக் கருமை ஏறிற்று. அக்காலத்தில் நம் நாட்டில் எழுதும் மையை இப்படியும் காய்ச்சினார்கள். ஐரோப்பாவில் இதே வேலைக்கு ஓக் மரத்து முண்டுகளைப் பயன்படுத்தினார்கள். கல்வராயன் மலைக் காட்டில் மைக்கூடு மரத்தில் காய்த்துத் தொங்குகிறது! அதன் அடிவாரத்தில் இருந்துகொண்டு, எழுத ஒன்றும் இல்லை என்று நான் சொல்லியிருக்கிறேன்.

கோடை விடுமுறை வந்தது. பேராசிரியர் ஊருக்குப் போய்விட்டார். சொல் கொடுக்க ஆளில்லை. நாமே சொல்லைத் தேர்ந்தால் வசதியான சொல்லாகப் பார்த்து எடுத்துக்கொள்வோம். அதனால் பயன் குறைவு. திண்ணையில் நோட்டை விரித்து வைத்து விழித்துக்கொண்டிருந்தேன். ஆயா முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"தெனமும் என்னடா எழுதற?"

"ஒரு சொல்லு வேணும் ஆயா. அத வெச்சு எழுதணும்."

"ஒரு சொல்லுக்கா இவ்ளோ ரோசன? மொறம்னு எழுது."

அன்று முதல் ஆயாதான் எனக்குச் சொல் கொடுக்கிறாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. உதவித்தொகைக்காக வங்கிக் கணக்குத் தொடங்க என்னுடன் வந்தபோது கட்டைவிரலை மையில் வைத்தவள். எழுதியதை மாலையில் படித்துக் காட்டச் சொல்வாள். தவறு இருந்தால் விடமாட்டாள். முறத்தை மூங்கிலால் முடைந்தது என்று மட்டும் எழுதியிருந்தேன். "சாணி போட்டு மெழுவாம மொறம் எங்கடா ஒழைக்கும்?" என்றாள். துறைத் தேர்வில்கூட எனக்கு இவ்வளவு திருத்தம் விழுந்ததில்லை.

ஆனி மாதத்தில் ஒரு நாள் 'தூளி' என்றாள். நான் எங்கள் வீட்டு விட்டத்தைப் பற்றி எழுதினேன். விட்டத்தில் கயிறு உராய்ந்து பள்ளமான இடம் ஒன்று இருக்கிறது. பெரியப்பா, அப்பா, அத்தை, அண்ணன், நான், தங்கை என ஆறு பேர் தூங்கிய தூளியின் தடம் அது என்று எழுதி, மாலையில் படித்துக் காட்டினேன். ஆயா வழக்கம்போல் குறை சொல்லவில்லை. வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு, "ஏழு பேருடா" என்றாள்.

பெரியப்பாவுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. எட்டு மாதம் இருந்தது. காய்ச்சலில் போய்விட்டது. பிறந்ததையும் யாரும் எழுதவில்லை, இறந்ததையும் எழுதவில்லை. படம் கிடையாது. அப்பாவுக்கே அதன் பெயர் தெரியாது. ஆயாவுக்கு மட்டும் தெரியும்.

"அத எழுதுவியா?" என்றாள்.

பெயரைச் சொன்னாள், எழுதினேன். அன்று பெய்த மழை, மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போனது, திரும்பி வந்தது என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். பதினைந்து நிமிடம் என்ற கணக்கு அன்று இல்லை. முடிந்ததும் நோட்டை வாங்கி, "பேரு எது?" என்றாள். காட்டினேன். எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். "நாலு எழுத்துதானா?" என்றாள்.

அந்தப் பக்கத்தை இம்மலருக்குக் கொடுக்கலாமா என்று ஆயாவைக் கேட்டேன். வேண்டாம் என்றாள். ஆகவே அது என் மூன்றாம் நோட்டில் இருக்கிறது. நோட்டு ஈரம் படாத இடத்தில், ரேஷன் அட்டை இருக்கும் தகரப் பெட்டியில் வைக்கப்பட்டுள்ளது. வைத்தது நான் அல்ல, ஆயா.

எழுதிப் பார்க்க விரும்பும் நண்பர்களுக்காக, சென்ற வாரம் ஆயா கொடுத்த ஏழு சொற்களை இங்கே தருகிறேன். அம்மி, கூரைத் தண்ணீர், அரிக்கேன் விளக்கு, படி, வேலிப்படல், கடன், உப்பு. 'கடன்' மட்டும் கையால் தொடக்கூடிய பொருள் இல்லையே என்று கேட்டேன். "யாருடா சொன்னது?" என்றாள்.